அழுகாத கொடி

"ஐயோ...!"

தோட்டத்திலிருந்து அண்ணியின் அலறல்!

விடுமுறைக்கு வந்திருந்த தங்கை ஓடினாள். பூஞ்சை ஆராய்ச்சி செய்கிறவள்.

வெனிலாக் கொடிகளுக்கு நடுவே அண்ணன் குப்புறக் கிடந்தான். உடம்பு ஜில்லிட்டிருந்தது. சுற்றிலும் வரிசை வரிசையாகக் கொடிகள்... வேர் அழுகி, மஞ்சளாகித் துவண்டு கிடந்தன.

"மாரடைப்பு..." என்றார் இன்ஸ்பெக்டர்.

"இல்லே சார், கொலை!" அண்ணி வெடித்தாள். "பக்கத்துத் தோட்டக்காரன்தான்! பத்து வருஷமா வரப்புத் தகராறு. அவன் தோட்டத்துலயும் இதே அழுகல். அந்த மண்ணை அள்ளி இங்கே போட்டுட்டான். அதைப் பார்த்துப் பார்த்தே இவர் நெஞ்சு வெடிச்சுப் போச்சு!"

பக்கத்துத் தோட்டக்காரரைக் காவலில் வைத்தார்கள்.

ஆறாம் நாள்.

தங்கை ஸ்டேஷனுக்கு வந்தாள். கையில் ரிப்போர்ட். கண்கள் வீங்கியிருந்தன. பக்கத்துத் தோட்டக்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு தோட்டத்துலயும் ஒரே பூஞ்சைதானே?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"பேர் ஒண்ணு சார். நாமகூட எல்லாரும் மனுஷங்கதான்... உங்க கைரேகையும் என் கைரேகையும் ஒண்ணா? மைக்ராஸ்கோப்ல பார்த்தா வித்தியாசம் தெரியாது. மரபணுவைப் படிக்கணும். படிச்சேன். இவர் தோட்டத்துப் பூஞ்சை வேற வம்சம்."

"அப்ப இவர் போடலே! பின்னே எங்கேர்ந்து வந்தது?"

"அண்ணன் தோட்டத்துப் பூஞ்சையோட அச்சு அசலா அதே மரபணு இன்னும் ஒரே ஒரு இடத்துலதான் இருக்கு..." அவள் ரிப்போர்ட்டை மேஜைமேல் வைத்தாள். "எங்க ஆராய்ச்சித் தோட்டத்துல."

"என்னது!"

"நோய் தாங்குற கொடின்னு, போன வருஷம் நான்தான் ஒரு துண்டு வெட்டி அண்ணனுக்குக் குடுத்தேன். அது இன்னிக்கும் பச்சையா நிக்குது சார். தாங்கும்... ஆனா நோயை உள்ளேயே வச்சிருந்து மண்ணுல விட்டுடும். அழுகலையேன்னு நான் சோதிச்சே பார்க்கலே. மத்ததெல்லாம் ஒரே தாய்க்கொடியிலேர்ந்து வெட்டி நட்டது. ஒண்ணு தாங்கலேன்னா எதுவுமே தாங்காது..."

இரண்டு கைகளையும் நீட்டினாள்.

இன்ஸ்பெக்டர் ரிப்போர்ட்டை மூடி வைத்தார்.

பெஞ்சிலிருந்து பக்கத்துத் தோட்டக்காரர் எழுந்தார். கண்கள் கலங்கியிருந்தன. நீட்டிய அந்தக் கைகளை மெல்லக் கீழே இறக்கிவிட்டார்.

"அழாதேம்மா... உங்கண்ணன் உயிரோட இருந்திருந்தா, இந்த ரிப்போர்ட்டையும் நான்தான் மாத்தி எழுத வச்சேன்னு சண்டைக்கு வந்திருப்பான்!"