அடுப்பில் ஏறிய பெயர்

காலைக் காபியோடு செய்தி கேட்பது ஐசக் தனபாலனுக்குப் பிடித்த வேலை. நாலு நாளைக்கு முன்னால் நடந்ததைத்தான் கேட்பார். ஆனால் அதைப் பழைய செய்தி என்று யாராவது சொல்லிவிட்டால் மனிதருக்குப் பொறுக்காது. "பழசு இல்லய்யா, வெந்தது" என்பார்.

பாளையங்கோட்டையில் மட்டுமல்ல, நாடு முழுக்க இப்போது அப்படித்தான். எங்கே எது நடந்தாலும், தொடர்பில்லாத இரண்டு சாட்சிகள் உறுதி சொல்லும்வரை அந்தச் செய்தி, செய்திகளைப் பதம் பார்க்கும் அரசுப் பதநிலையத்துக் கணினிகளில் கிடக்கும். உறுதியானால் வெளியே வரும். இல்லாவிட்டால் தடயமில்லாமல் கரிந்து போகும். ஒரு பொய்யான அணை உடைப்புச் செய்தியை நம்பி, ஓடிய கூட்டத்தில் மிதிபட்டு நிறையப் பேர் செத்த வருஷத்துக்குப் பிறகு வந்த சட்டம் அது. புயல், தீ போன்ற எச்சரிக்கைகளுக்குத் தனி வழி உண்டு. மற்ற எல்லாம் வெந்துதான் வரவேண்டும். ஜனங்கள் அந்தக் கணினிகளுக்கு 'அடுப்பு' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஐசக்குக்கு அடுப்பின்மேல் பகை கிடையாது. ஆனால் மூடி வைத்த பானையைத் திறந்து பார்க்காமல் இருக்கவும் அவரால் முடியாது. கணினி என்றால் சோறு தண்ணி வேண்டாம். ஊர் சுற்றுவதும் உயிர்தான், ஆனால் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே. எங்கோ ஒரு கடைத்தெருவில் நடந்துபோகிறவர் அணிந்த 'வாடகைக் கண்'ணை அரை மணி நேரத்துக்கு எடுத்து, அவர் பார்ப்பதையெல்லாம் இவரும் பார்ப்பார். ஐசக்கின் கால் மாவட்ட எல்லையைத் தாண்டிப் பல வருஷம் இருக்கும். கண் மட்டும் உலகம் சுற்றியது. சுற்றியதையும் கேட்டதையும் சேர்த்துத் தினமும் காலையில் 'ஐசக் அரட்டை' என்று ஒரு ஒலிப்பதிவு போடுவார். சில ஆயிரம் பேர் அதை விடாமல் கேட்டார்கள். அவர் மனைவி ஷீலா மட்டும் கேட்டதில்லை. "வீட்ல கேக்குறது பத்தாதா?" என்பாள்.

அந்த அரட்டையின் தனிச்சிறப்பு, அவரே எழுதிய மௌனமானி என்ற நிரல். எந்த ஊரைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று கண்டுபிடிக்க நூறு நிரல்கள் இருந்தன. எந்த ஊர் பேச்சே இல்லாமல் போயிருக்கிறது என்று கண்டுபிடித்தது இது ஒன்றுதான். வழக்கமாக வரும் மீன் விலை, வானிலை, வாடகைக் கண் எல்லாம் ஓர் இடத்திலிருந்து சட்டென்று நின்றால், அங்கே ஏதோ வேகிறது என்று அர்த்தம். நேயர்களுக்கு இது பெரிய விளையாட்டு. அவர் ஊர்ப்பெயரைச் சொன்னதும் ஆளாளுக்கு அங்கே என்ன என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

அந்த வியாழக்கிழமை மௌனமானி காட்டிய பெயர் நீலத்திட்டு. அரபிக்கடலில் மிதக்கும் சிறு நகரம் அது; அலையிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். ஐசக் குஷியாகிவிட்டார். "நேயர்களே, ஒரு ஊரே மூச்சு விடாம கிடக்கு. என்னவா இருக்கும்?" என்று பதிவைப் போட்டுவிட்டுத்தான் காபியை வாயில் வைத்தார். அப்போதுதான் உறைத்தது. மகள் ஜெமிமா முந்தின நாள் மாலை நாகர்கோவில் பக்கத்துத் துறைமுகத்தில் கப்பலேறியது அந்த நீலத்திட்டுக்குத்தான். முதல் வேலை. விடிந்ததும் இறங்கியிருக்க வேண்டும்.

"வந்துட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லலியே இவ" என்று ஷீலா அடுப்படியிலிருந்து வந்தாள். "கூப்பிட்டா மணி அடிக்கி. எடுக்க மாட்டேங்கா."

ஐசக் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். அடுப்பில் ஏறிய ஊருக்குப் போகும் அழைப்பும், அங்கிருந்து வரும் தனிச்செய்தியும் சேர்ந்தே வேகும் என்று அவருக்குத் தெரியாதா? மணி அடிப்பதுபோல் இங்கே ஒலி கேட்கும். அங்கே ஒன்றும் கேட்காது. எது வேகிறது என்று அடுப்பு யாரிடமும் சொல்லாது. சொன்னால் அதுவே வதந்தியாகிவிடும் என்பது அதன் நியாயம்.

"புது இடம். வேலையா இருப்பா" என்றார்.

"உங்க மூஞ்சி அப்படிச் சொல்லலியே."

உள்ளதைச் சொல்லிவிட்டார். ஷீலா அழவில்லை, கத்தவில்லை. போனை எடுத்து மறுபடி மகளைக் கூப்பிட்டாள். அதன்பிறகு அந்த வீட்டில் நடந்த ஒரே வேலை அதுதான். அவள் கூப்பிடுவாள், வைப்பாள், கூப்பிடுவாள். ஐசக் தன் பங்குக்குத் துறைமுகத்தை விசாரித்தார், கப்பல் அலுவலகத்தை விசாரித்தார், வாடகைக் கண் ஒன்றாவது கிடைக்குமா என்று நீலத்திட்டு முழுக்கத் தேடினார். எல்லாக் கண்ணும் மூடியிருந்தது. ஜெமிமா பெயரைப் போட்டு அவர் கேட்காத கணினி இல்லை. வெள்ளி போயிற்று. சனி காலையில் சர்ச் பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணிவிட்டுப் போனார்.

அவர் போனபின்தான் ஐசக் மௌனமானியின் வரைபடத்தை நிதானமாகப் பார்த்தார். பார்த்தவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். வியாழன் காலையில் நீலத்திட்டு மௌனமாக இருந்தது ஒரே ஒரு மணி நேரம். பிறகு அது லேசாகப் பேச ஆரம்பித்திருக்கிறது. அந்த நேரத்தில்தான் இவருடைய பதிவு வெளியாகி, ஆயிரக்கணக்கான பேர் 'என்ன ஆச்சு, என்ன ஆச்சு' என்று ஒரே சமயத்தில் கேட்டிருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் உண்மையான இருட்டு.

பழைய ஊர்களை எடுத்துப் பார்த்தார். அவர் பெருமையாகக் கண்டுபிடித்த ஊர் ஒவ்வொன்றிலும் இதே கதை. கேள்வி முதலில், நீண்ட மௌனம் பிறகு. அடுப்புக்கு வதந்தியைத் தெரியாது. ஒரே விஷயத்தைப் பலரோ, ஒருவரே பலமுறையோ பதறிக் கேட்டால் அதுதான் வதந்தி என்று அதற்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கேட்கக் கேட்க மூடியை இறுக்கும். யானை தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொண்ட கதைதான். ஐசக்குக்கு அழுகை வந்தது. அந்த அழுகையிலும், அடடா, என்ன நேர்த்தியான கோடு என்று ஒரு மூலையில் மனசு வியந்ததை நினைத்து அவருக்கே அசிங்கமாக இருந்தது.

உடனே பதிவு போட்டார். "நீலத்திட்டைப் பத்தி யாரும் எதுவும் கேக்காதீங்க. கைகூப்பிக் கேட்டுக்கிடுதேன்." ஐசக்கை யாரோ மிரட்டிவிட்டார்கள் என்று சிலர் இன்னும் மும்முரமாகக் கேட்டார்கள். ஆனால் நேயர்களுக்கு அடுத்த விளையாட்டு கிடைத்துவிட்டது. மதியத்துக்குள் கேள்விகள் வடிந்தன. நீலத்திட்டின் மீன் விலை வந்தது. வாடகைக் கண்கள் திறந்தன. வெந்த செய்தியும் வந்தது. திமிங்கிலக் கூட்டம் ஒன்று கடந்து போனதால், அவற்றுக்குத் தொந்தரவு வேண்டாமென்று நகரம் வழக்கம்போல் ஒரு மணி நேரம் தன் தொலைத்தொடர்பு அலைபரப்பிகளை அணைத்து வைத்ததாம். வேறொன்றும் நடக்கவில்லையாம்.

ஆனால் ஜெமிமாவிடமிருந்து மட்டும் எதுவும் வரவில்லை.

ஐசக்குக்கு ஏன் என்று புரிந்தது. ஊர் இறங்கிவிட்டது. அடுப்பில் இன்னும் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள்.

"ஷீலா, போனைக் கீழ வை."

"எதுக்கு?"

"நீ கூப்பிடக் கூப்பிட அது அவளை இறக்காது. நாம நிறுத்தணும். வேற வழியில்ல."

அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "பெத்த பிள்ளைய தேடாதன்னு சொல்லுதீங்களா?"

"தேடாதன்னு சொல்லல. தேடுறது தெரியக்கூடாது."

"எந்தக் கிறுக்கன் கண்டுபிடிச்சான் இத?" என்றாள். பிறகு போனைக் கட்டிலில் கவிழ்த்துவிட்டு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் கோத்துக்கொண்டாள். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். மகள் பெயரைக்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை. வீட்டுக் கணினிக்கும் காது உண்டு. சாப்பிடத் தோன்றவில்லை. ஒருமுறை ஷீலாவின் கை கட்டில்வரை போய்த் திரும்பிவிட்டது. அந்தப் பிற்பகலைப்போல் நீளமான ஒன்றை ஐசக் அதற்கு முன் கண்டதில்லை.

வெயில் தாழ்ந்தபோது ஜெமிமாவின் செய்திகள் மொத்தமாக வந்து விழுந்தன. 'வந்து சேந்துட்டேன்ப்பா.' 'அம்மா, திமிங்கிலம் பாத்தேன்! குட்டியும் கூட வந்துச்சு.' 'ஏன் யாரும் எடுக்க மாட்டேங்கீங்க?' 'என் ரூம்ல இருக்க ரெண்டு பேருக்கும் வீட்லேருந்து பேசிட்டாங்க.' கடைசிச் செய்தியில் வார்த்தை எதுவும் இல்லை. சாப்பாட்டுத் தட்டின் படம் மட்டும் இருந்தது.

ஷீலா கூப்பிட்டாள். இம்முறை மகள் உடனே எடுத்தாள்.

"இப்பவாச்சும் ஞாபகம் வந்துச்சே" என்றது குரல்.

ஐசக் போனை வாங்கி எல்லாவற்றையும் சொன்னார். மௌனமானி, அடுப்பு, அம்மா மூன்று நாளாக விடாமல் கூப்பிட்டது, கடைசியில் கூப்பிடாமல் உட்கார்ந்திருந்தது. மகள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"ஒரு அழைப்புகூட இங்க பதிவாகலியேப்பா."

"கரிஞ்சுபோனது பதிவாகாதும்மா. நம்பு."

அவள் பிறந்ததிலிருந்து வெந்த செய்தி மட்டுமே கேட்டு வளர்ந்தவள். உறுதியாகாத ஒன்றை நம்பச் சொல்லி இதுவரை அவளிடம் யாரும் கேட்டதில்லை, அவள் அப்பா உட்பட. அப்படி வளர்த்ததில் அவருக்குப் பெருமைகூட இருந்தது.

"சரிப்பா" என்றாள். பெரியவர்கள் மனசு நோகக்கூடாதென்று சொல்லும் 'சரி' அது. கணினி, நிரல், வரைபடம் என்று எத்தனையோ தெரிந்த ஐசக்கிடம் இதை உறுதி சொல்லத் தொடர்பில்லாத ஒரு சாட்சி இல்லை.

ஷீலா போனைப் பிடுங்கினாள். "ஏட்டி, போனை வை. நாங்க கெளம்பி வாரோம்."

"எதுக்கும்மா அவ்வளவு தூரம்? நான் நல்லாத்தான் இருக்கேன்."

"நீ நல்லா இருக்கியான்னு பாக்க வரல. நாங்க தேடினோம்னு நீ பாக்கணும்ல, அதுக்கு."