பெட்டி போட்டால் ஸீட் நிச்சயம்!

மாமனார் கார்பெட்டில் குப்புறக் கிடந்தார்.

நகைக்கடை முதலாளி. 'மாப்பிள்ளை, நீங்க எதுக்கும் லாயக்கில்லை' என்று தினமும் சொன்னவர். இனிமேல் சொல்லமாட்டார்!

மாப்பிள்ளை வைரப் பொட்டலத்தை ஷூவுக்குள் திணித்தான். அறையைப் பூட்டினான். வீட்டில் யாராவது கதவை உடைப்பதற்குள் வெளிநாட்டு விமானம் ஏறிவிட வேண்டும்.

ஏர்போர்ட் கவுன்ட்டர் பெண் சிரித்தாள். அந்தச் சிரிப்பே சரியில்லை.

"ஸாரி சார்... இருக்கிற ஸீட்டைவிட அதிகமா டிக்கெட் வித்துட்டோம். உங்களை நாளைக்கு..."

"முடியாது! நான் இதுலதான் போகணும்!"

"அப்படி என்ன சார் அவசரம்?"

"மா... மாமனார் செத்துட்டார்!"

வாழ்நாளில் அவன் சொன்ன ஒரே உண்மை.

"அடப்பாவமே! பெட்டி ஏதாவது இருக்கா? பெட்டி போட்டவங்களை இறக்கமாட்டோம். அதைத் தேடி எடுக்கிறதுக்குள்ள ஃப்ளைட் லேட்டாயிடும். வெறுங்கையோட வர்றவங்களைத்தான் கழட்டி விடுவோம்."

அவனிடம் ஒரு கைப்பைதான் இருந்தது.

"தம்பி..."

பின்னால் தடிக்கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். பக்கத்தில் இரண்டு பெட்டிகள்.

"எனக்கு எடை கூடிப்போச்சு. பெரிய பெட்டியை உங்க பேர்ல போட்டுடுங்களேன். எனக்கும் ஆச்சு, உங்களுக்கும் ஆச்சு!"

சொந்த மாமனாரையே நம்பாதவன், முன்பின் தெரியாத அம்மாளை நம்பினான். பெட்டி போனது. போர்டிங் பாஸ் வந்தது!

விமானத்தில் ஜன்னலோர ஸீட். போன் அலறியது. மனைவி.

"என்னங்க... அப்பா ரூம் பூட்டியிருக்கு. போனையும் எடுக்கலை..."

"தூங்குவாரும்மா. எழுப்பாதே!"

வைத்தான். தோளில் ஒரு கை விழுந்தது.

கஸ்டம்ஸ் அதிகாரி!

"அந்தப் பெரிய பெட்டி உங்க பேர்லதானே இருக்கு?"

"ஆ... ஆமா..."

"உள்ளே துணியெல்லாம் நகருது சார். நட்சத்திர ஆமை. அத்தனையும் உயிரோட!"

"ஐயோ! அது அந்தம்மா பெட்டி!"

மூன்று வரிசை முன்னால் தடிக்கண்ணாடி திரும்பியது.

"யாரு தம்பி நீங்க?"

சோதனை அறையில் சட்டை கழன்றது. பெல்ட் கழன்றது. கடைசியில் ஷூ கழன்றது... வைரங்கள் தரையெங்கும் சிதறின!

மறுபடி போன். அதிகாரியே ஸ்பீக்கரில் போட்டார்.

"என்னங்க! கதவை உடைச்சுட்டாங்க... அப்பாவை யாரோ கொன்னுட்டாங்கங்க!"

வெளியே கவுன்ட்டர் பெண் உற்சாகமாகக் கூவினாள். "ஒரு ஸீட் காலி!"

அதிகாரி விலங்கை மாட்டினார்.

"ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் விளங்காதுன்னு சொல்வாங்க. உனக்கு ஆமையும் வந்தாச்சு மாப்பிள்ளை... நாங்களும் வந்தாச்சு!"