சிவப்பு ஏறாத சுவர்

தரை இத்தனை சிவப்பாக இருக்கும்போது சுவர் எப்படி இப்படி வெளுத்துக் கிடக்கிறது?

போட்டோவைப் பார்த்ததும் ராஜேஸ்வரிக்கு முதலில் தோன்றியது இதுதான். கட்டப்போகும் வீடுகளின் உள்ளறைகளைக் கம்ப்யூட்டரில் படமாக்கித் தரும் கடை அவளுடையது. 1998-இல் அருப்புக்கோட்டைக்கு அது புதிது. எதிரே இருந்த தங்கசாமி ஒரு போட்டோவை நீட்டியிருந்தார். அவர் தங்கை பிருந்தாவுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை ஆனந்தகுமார், திருச்சுழியில் கட்டி முடித்ததாகச் சொல்லும் வீட்டின் கூடம்.

"பால் காய்ச்சுறதுக்கு முன்னால வெளியாளு உள்ள வரக்கூடாதுங்குறாக. கொத்தனாரு வேலையப் பாதியில விட்டுட்டுப் போயி எட்டு மாசமாச்சுன்னு பஸ்ஸுல ஒருத்தரு சொன்னாரு. வெள்ளிக்கெழம நிச்சயம். இது நெசந்தானாம்மா?"

அவரை மறுநாள் ஐந்து மணிக்கு வரச் சொன்னாள். ஆனந்தகுமாருக்கு நாலு மணிக்கு வரும்படி ஆள் விட்டாள்.

கடையில் கூட்டாளியான ஜோதிகாவுக்குப் பொறுக்கவில்லை; இது கம்ப்யூட்டரில் வரைந்ததுதான் என்றாள். நாற்காலிக்கடியில் நிழல் மையாகக் கறுத்திருப்பதை அவள்தான் காட்டினாள். கேமராவிலும் அப்படி விழும் என்று ராஜேஸ்வரி அதை ஒதுக்கினாள். பிறகு கடையின் சிவப்புத் தரையில் வெயில் விழுந்த இடத்துக்கருகே ஒரு வெள்ளைத் தாளை நிறுத்தினாள். தாளின் அடிப்பக்கம் மெல்லச் சிவந்தது.

"தரையில பட்ட வெயிலு சுவத்துல ஏறும். நம்ம கம்ப்யூட்டருக்கு அது தெரியாது. நாமதான் படத்துல தரையோரமா ஆளுக்குத் தெரியாம செவப்பு லைட்டு வைக்கணும்."

"மாப்பிள்ள லைட்டு வைக்க மறந்துட்டாராக்கும்."

மறுநாள் நாலு மணிக்கு ராஜேஸ்வரி அந்தச் சுவரைக் காட்டிக் கேட்டதும் ஆனந்தகுமார் மறுக்கவில்லை. மதுரையில் கற்றுக்கொண்டு அவனே வரைந்தது; திரையைக் கேமராவில் எடுத்துப் படமாக்கியிருந்தான். வெளிப்பூச்சு முடிந்ததும் கிணறு வற்றி, தண்ணீரில்லாமல் வேலை நின்றுவிட்டது. உள்ளே செங்கலும் மண்ணும்தான். பெண்ணைப் பார்த்த அன்றே பிடித்துப்போயிற்று என்று தரையைப் பார்த்தபடி சொன்னான்.

ராஜேஸ்வரி படத்தை மறுபடி பார்த்தாள். கூடத்தில் வரைந்திருந்த ஊஞ்சலின் ஒரு பாதியில் மட்டும் வெயில் படாமல் வைத்திருந்தான், அங்கே யாரோ உட்காரப்போவதுபோல. அதைப் பொய் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"சுவத்துல அந்தச் செவப்ப மட்டும் ஏத்திக் குடுங்கக்கா. மழ பெஞ்சா இதே மாதிரி முடிச்சிருவேன். நீங்க சொன்னா அவுக நம்புவாக."

பத்து நிமிட வேலை. விளக்குகளை எங்கே வைக்க வேண்டும் என்பதுகூட அவள் கைக்குத் தெரிந்திருந்தது.

வாசலில் தங்கசாமியின் சைக்கிள் வந்து நின்றது. அவள் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் படத்தை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"இந்த ஊஞ்சல எதுக்குப் போட்டீகன்னு நீங்களே அவருகிட்ட சொல்லுங்க தம்பி. சுவரு இப்படியே இருக்கட்டும்."