அரசியின் இடது இமை

செம்மேட்டு நகர மன்றத்தில் கூட்டம் தொடங்கும்போது யாரும் யாருக்கும் வணக்கம் சொல்வதில்லை. இமையை அளந்துகொள்வார்கள். ஒவ்வோர் உறுப்பினரின் மேசையிலும் கடுகளவு கண்ணாடி ஒன்று பதிந்திருக்கும். அதற்கு இமையளவி என்று பெயர். மேலிமை கருமணியை மறைக்காமல் இருந்தால் பச்சை விளக்கு. பாதிக்குமேல் இறங்கினால் சிவப்பு. சிவப்பு எரிந்தவர் தூங்கியவராகக் கருதப்படுவார். அவர் பேசியதும் செல்லாது, கை தூக்கியதும் செல்லாது. ஒரே ஆண்டில் மூன்றுமுறை சிவப்பு எரிந்தால் நாற்காலியே போய்விடும்.

செவ்வாய்க் கோளுக்குக் குடிவந்தவர்கள் பூமியிலிருந்து விதை நெல்லோடு சில பயங்களையும் கொண்டுவந்திருந்தார்கள். பூமியின் மன்றங்களில் குறட்டை விட்டபடியே ஆட்சி நடத்தியவர்களின் கதைகள் அவர்களுக்கு மனப்பாடம். இங்கே அப்படி ஆகக்கூடாது என்று இந்தக் கருவியைப் பொருத்தினார்கள். 'கண் திறந்திருந்தால் காதும் திறந்திருக்கும்' என்று மன்ற வாசலில் பொறித்தும் வைத்தார்கள்.

அந்த வாசகத்தைப் பார்க்கும்போதெல்லாம் மங்கையர்க்கரசிக்கு வயிற்றெரிச்சலாக இருக்கும். மூன்றாம் குமிழின் உறுப்பினர் அவள். மன்றத்தில் யார் என்ன பேசினாலும் ஒரு சொல் விடாமல் கேட்கிற பிறவி. ஆனால் அவளுடைய இடது மேலிமை, ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வந்தது. கருவிக்கு இமை தெரியுமே தவிர ஆளைத் தெரியாது.

செம்மேட்டில் மக்கள் குடியிருப்பது கண்ணாடிக் குமிழ்களுக்குள்தான். மூன்றாம் குமிழின் காற்றுவடிகட்டி கிழடாகி, செம்புழுதி உள்ளே வரத் தொடங்கியிருந்தது. குமிழ் முழுக்க இருமல். அவள் கணவன் செங்கோடன் தக்காளிப் பந்தலில் வேலை செய்துவிட்டு வந்தால் இருமி இருமி முகம் கறுத்துப்போவான். புது வடிகட்டி கேட்டு அவள் அந்த ஆண்டிலேயே இரண்டுமுறை தீர்மானம் கொண்டுவந்தாள். இரண்டுமுறையும் பேச்சின் நடுவிலேயே சிவப்பு எரிந்தது. 'பேசியவர் உறங்கிவிட்டபடியால் தீர்மானம் தள்ளுபடி' என்று அவைத்தலைமை இயந்திரம் அறிவித்தது.

"தூங்கிட்டே ஒருத்தி அவ்வளவு நேரம் பேசுவாளாங்க? இதைக் கேக்க ஒரு ஆளில்லையே!" என்று வீட்டுக்கு வந்து அழுதாள்.

"அழுவாத அம்மிணி," என்றான் செங்கோடன். "நீயும் புருவத்தைத் தூக்கித் தூக்கி உன்ற நெத்தியெல்லாம் வரப்பு வெட்டுனாப்பல ஆயிப்போச்சு. தலையை அண்ணாந்துக்கிட்டே நடக்கறே. பசை நாடாவும் ஒட்டிப் பாத்தாச்சு. பேசாம டாக்டரம்மாகிட்டக் காட்டிப்போடலாம்." அதற்குள் அவனுக்கு இருமல் வந்துவிட்டது.

இன்னொரு சிவப்பு விழுந்தால் நாற்காலி போகும். நாற்காலி போனால் வடிகட்டி கேட்க ஆளில்லை. அரசி மறுநாளே கண் மருத்துவர் நஸ்ரினிடம் போனாள்.

நஸ்ரின் உடனே கத்தியை எடுக்கிற ரகம் இல்லை. "சின்ன வயசுலயே இப்படி இருந்துச்சா? சாயங்காலம் ஆனா ரொம்ப இறங்குதா? எதுவும் ரெண்டு ரெண்டா தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே போனாள். எல்லாவற்றுக்கும் இல்லை என்றாள் அரசி.

"நல்லது. திடீர்னு ஒரே நாள்ல இமை இறங்கி, கருமணியும் பெருசாகி, பார்வை ரெட்டையா தெரிஞ்சா அது மூளையிலருந்து வர்ற நரம்புச் சமாச்சாரம். அப்படி வந்தா நிக்காம ஓடி வரணும். உங்களுக்கு அது இல்ல."

பிறகு அரசியின் புருவத்தை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கீழே பார்க்கச் சொன்னாள், மேலே பார்க்கச் சொன்னாள். இமை எவ்வளவு ஏறி இறங்குகிறது என்று அளந்தாள்.

"தசை நல்லாத்தான் இருக்கு. அது இமையைப் பிடிச்சிருக்கிற நாண்தான் வயசுல நெகிழ்ந்துடுச்சு. ஜன்னல் திரையோட கயிறு ஒருபக்கம் தொய்ஞ்சா எப்படி இருக்கும்? அதேதான். இழுத்துக் கட்டிடலாம்."

"அவ்வளவுதானுங்களா?" என்றாள் அரசி. மூளையில் ஏதோ என்று பயந்து இரண்டு மாதமாகச் சோறு இறங்காமல் இருந்தவளுக்குப் பாதி பாரம் அங்கேயே இறங்கிவிட்டது.

மரத்துப்போக மருந்து ஏற்றி, ஒளிக்கத்தியால் இமை மடிப்பைத் திறந்து, நாணை இழுத்துக் கட்டினாள் நஸ்ரின். முடிந்ததும் அரசியை எழுந்து உட்காரச் சொல்லிக் கண்ணாடியைக் காட்டினாள். இடது கண் தாமரையாக விரிந்திருந்தது. ஆனால் அதுவரை ஒழுங்காக இருந்த வலது இமை இறங்கிக் கிடந்தது!

"அய்யோ, என்ற நல்ல கண்ணும் போச்சே!"

"போகலம்மா, பதறாதீங்க. மூளை ரெண்டு இமைக்கும் ஒரே கட்டளையைத்தான் அனுப்பும். இடதைத் தூக்கறதுக்காக இத்தனை நாள் கூடுதலா அனுப்பிட்டு இருந்துச்சு. அந்த ஓசிச் சாப்பாட்டுலதான் வலதும் நிமிர்ந்து நின்னுச்சு. இப்ப படி குறைஞ்சதும் அதோட குட்டு வெளிப்பட்டுடுச்சு. அதையும் கொஞ்சம் இழுத்துட்டா தீர்ந்தது."

அரசிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணிலும் கட்சி மாறும் குணம் உண்டு போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது நஸ்ரின் ஒன்று சொன்னாள். "கொஞ்ச நாளைக்குத் தூங்குறப்ப இமை முழுசா மூடாது. களிம்பு போட்டுக்குங்க." அதை அரசி தன் கணவனிடம் சொல்ல மறந்துவிட்டாள். மதியம் சாப்பிட்டுப் படுத்தவளிடம் செங்கோடன் தக்காளி விலையைப் பற்றி வெகுநேரம் பேசினான். அவள் அகலக் கண் விழித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பதில்தான் வரவில்லை. தொட்டு உலுக்கியபிறகுதான் அவள் தூங்குகிறாள் என்று தெரிந்தது. "நல்லாப் பயப்படுத்துனே போ," என்று நெஞ்சைத் தடவிக்கொண்டான்.

தீர்மான நாள் வந்தது. அரசியின் மேசையில் பச்சை எரிந்தது. அவள் எழுந்து பேசத் தொடங்கினாள். புழுதியைச் சொன்னாள், இருமலைச் சொன்னாள், மூச்சுக்குத் திணறுகிற பிள்ளைகளைச் சொன்னாள். விளக்கு மாறவில்லை. நிமிர்ந்து பார்த்தபோது அவையே அவளைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது. தன் பேச்சை இத்தனை பேர் இப்படிக் கேட்டதே இல்லையே என்று அவள் குரலை இன்னும் உயர்த்தினாள்.

எதிர்வரிசையில் மூத்த உறுப்பினர் மகுடபதி இருந்தார். எந்தச் செலவையும் எதிர்ப்பவர். இன்றுவரை ஒரு சிவப்புகூடக் காணாதவர்.

"மகுடபதியண்ணா, உங்க பேத்தியும் எங்க குமிழ்லதானுங்க இருமிட்டுக் கெடக்கறா? நீங்களே சொல்லுங்க!" என்றாள் அரசி.

மகுடபதி இமைக்காமல் அவளையே பார்த்தார். பிறகு அவர் மூக்கிலிருந்து மெல்லிய சீழ்க்கை ஒன்று வந்தது. கொஞ்சம் பொறுத்து, பக்கத்து நாற்காலியிலிருந்தும் வந்தது. அரசி அவையைச் சுற்றிப் பார்த்தாள். எல்லா விளக்கும் பச்சை, எல்லாக் கண்ணும் அகலம், எல்லா நெஞ்சும் ஒரே சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

விழித்திருப்பவர் மறுக்காவிட்டால் சம்மதம் என்பது மன்றத்தின் விதி. அவைத்தலைமை இயந்திரம் சற்றே காத்திருந்தது. "மறுப்பு இல்லை. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அவை முழு விழிப்புடன் இருந்ததற்குப் பாராட்டு," என்றது.

அந்த வாரமே புது வடிகட்டி வந்தது. செங்கோடன் ஒருமுறைகூட இருமாமல் விடியும்வரை தூங்கினான். அவன் சீராக மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் படுத்திருந்த அரசிக்கு, இத்தனை நாள் தானும்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தோம் என்று பட்டது. நிம்மதியில் கொஞ்சம் அழுதாள்.

பிறகு நஸ்ரினிடம் போனாள். "பாக்கறதுக்கு ஒரு குறையுமில்லீங்க டாக்டர். தூங்கறப்பத்தான் மூட மாட்டேங்குது. ஒரு நூலளவு இறக்கி விட்டுருங்க."

நஸ்ரின் வியப்போடு பார்த்தாள். "இறக்கணுமா? மன்றத்துலருந்து வந்து இறக்கச் சொல்ற முதல் ஆள் நீங்கதான். மத்தவங்க யாருக்கும் இமையில கோளாறே இல்ல. தூங்குனாலும் மூடாத அளவுக்கு ஏத்தி விடுங்கன்னு கேட்டுப் பண்ணிக்கிட்டாங்க. நீங்களும் அதுக்குத்தான் வந்தீங்கன்னு நெனச்சேன். சோதிச்சப்பதான் உங்களுக்கு நெசமாவே கோளாறுன்னு தெரிஞ்சது."

"எல்லாருமாங்க?"

"எல்லாரும்."

அரசிக்கு முதலில் கோபம் வந்தது. கேட்டுக்கொண்டிருந்த ஒருத்திக்குத் தூங்குமூஞ்சிப் பட்டம், தூங்கியவர்களுக்கெல்லாம் பாராட்டு! இதை மன்றத்தில் எழுந்து போட்டு உடைத்துவிடலாம். உடைத்தால் அதையும் மறுப்பில்லாமல் ஒருமனதாக நிறைவேற்றிவிட்டு அடுத்த பொருளுக்குப் போவார்கள்.

நஸ்ரின் ஒளிக்கத்தியை எடுத்துவைத்தாள். "சரி, சாய்ஞ்சுக்குங்க. இறக்கிடலாம்."

அரசி சாயப்போனவள், நிமிர்ந்து உட்கார்ந்தாள். அடுத்த வாரம் மகுடபதியின் வரவுசெலவுத் திட்ட உரை. காலையில் தொடங்கினால் விளக்கு வைக்கும்வரை போகும்.

"இருக்கட்டுமுங்க டாக்டர்," என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். "அடுத்த வாரம் கழியட்டும், பொறவு பாத்துக்கலாம்."