சுடாத கிளாஸில் ஒரு கொலை முயற்சி

"ஆ...ஆ...ஆ!"

கூடத்திலிருந்து எழுந்த அலறலில், சமையலறையிலிருந்து வந்துகொண்டிருந்த மருமகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ஓடினாள்.

மாமனார் நாற்காலியிலிருந்து சரிந்துகொண்டிருந்தார். ஒரு கை தொண்டையில். இன்னொரு கையில் காபி கிளாஸ். திறந்த வாய்க்குள் நாக்கு வெளுத்து, தோல் உரிந்து...

அப்போதுதான் வாசலில் வந்து இறங்கியிருந்த மூத்த நாத்தனார், பாய்ந்து வந்து கிளாஸைப் பிடுங்கினாள்.

"அப்பா! என்னப்பா ஆச்சு?"

வார்த்தை வரவில்லை. வெறும் காற்றுதான் வந்தது!

மாடியில் தூங்கிக்கொண்டிருந்த மகன் ஆம்புலன்ஸில் அப்பாவோடு ஏறினான். ஏறும்போது மனைவியை ஒரு பார்வை பார்த்தான்.

அந்தப் பார்வையில் அவள் பாதி செத்துப்போனாள்.

நாத்தனார் அவர்களோடு போகவில்லை. கிளாஸைக் காவல் காத்தாள். போலீசுக்கு போன் செய்தவளும் அவள்தான்.

இன்ஸ்பெக்டர் வந்தார்.

"காபி போட்டது யாரும்மா?"

"நான்தான் சார்."

"சூடாவா குடுத்தீங்க?"

"கொதிக்கக் கொதிக்க. மாமாவுக்கு அப்படித்தான் பிடிக்கும். ஊதி ஊதிக் குடிப்பார்."

"பொய்!" நாத்தனார் சீறினாள். "அவர் கையிலேர்ந்து நான்தானே சார் வாங்கினேன்? கிளாஸ் லேசா வெதுவெதுன்னுதான் இருந்துச்சு! அந்தக் காபி வாயை எப்படி சார் வேக வைக்கும்? ஆசிட்டைக் கலந்திருக்கா சார் இவ!"

இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்.

அடியில்... வெள்ளைப் பொடி!

"இது என்னம்மா?"

மருமகள் வாயைத் திறந்தாள். நாத்தனாரைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"சொல்லலைன்னா ஸ்டேஷனுக்கு வரணும். கொலை முயற்சி கேஸ் இது!"

மனசுக்குள் கும்பிட்டாள். 'கடவுளே, முதலில் அந்த மனுஷனுக்குக் குரலைக் கொடு. என்னை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.'

"பொடியைப் பத்தி என் வாயால சொல்ல மாட்டேன் சார். ஆனா, ஆசிட் இல்லைன்னு காட்டுறேன்."

அலமாரியிலிருந்து அதே போன்ற கிளாஸ் ஒன்றை எடுத்தாள். தண்ணீரைத் தளதளவெனக் கொதிக்கவிட்டு ஊற்றினாள்.

"பிடிச்சுப் பாருங்க."

தயங்கித் தயங்கிப் பிடித்தார். புருவம் ஏறியது. "சுடவேயில்லையே!"

"ரெண்டு கண்ணாடி சார். நடுவுல வெறும் காத்து. உள்ளே கொதிச்சாலும் கைக்குத் தெரியாது. மாமாவுக்குக் கை நடுக்கம். எவர்சில்வர் டம்ளர் சுட்டுச் சுட்டு விரலெல்லாம் கொப்புளம். நாலு கடை ஏறி இறங்கி, கனமில்லாம, அவர் பிடிக்கு அடங்குறதா பார்த்து வாங்கினேன்."

"அதெப்படி..." என்று சந்தேகமாக விரலை உள்ளே விட்டார்.

"அம்மாடியோவ்!"

"ஐயோ சார்! குழாய்த் தண்ணியில காட்டுங்க. உடனே எடுக்காதீங்க."

கைது செய்ய வந்தவரின் விரலைக் குழாயடியில் பிடித்துக்கொண்டிருந்தாள் கைதாகப் போகிறவள்!

தண்ணீர் ஓட ஓடவே அவர் கேட்டார்: "சூடுதான்னு ஒத்துக்கறேன். தினமும் ஊதிக் குடிக்கிறவர் இன்னிக்கு ஏன் மடக்குனு குடிச்சார்? ஆறிப்போச்சுன்னு நீங்களே சொல்லியிருந்தா?"

அவள் குழாயை மூடினாள்.

"கிளம்புங்கம்மா."

கண்ணைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள்.

டிரிங்... டிரிங்...

கணவன்! இன்ஸ்பெக்டர் ஸ்பீக்கரைப் போட்டார்.

"டாக்டர் பேசவே கூடாதுங்கறார். வீட்டுக்குப் போலீஸ் வந்திருக்குன்னு தெரிஞ்சதும் அப்பா கேக்க மாட்டேங்கறார்..."

கரகரவென்று ஒரு குரல்.

"அவளை விடுங்க... குத்தவாளி நான்தான்!"

"நீங்களா? அப்போ அந்தப் பொடி?"

"சக்கரை! மூணு ஸ்பூன். மேஜை மேல இருந்த டப்பாவிலேர்ந்து நானே திருடிப் போட்டேன். கலக்கக்கூட இல்லை, அதுக்குள்ள வாசல்ல என் பொண்ணு குரல்! இன்னொரு தடவை சக்கரையைத் தொட்டா அவ வீட்டுக்கே கூட்டிட்டுப் போயிடுவேன்னு மிரட்டியிருந்தா. எவர்சில்வரா இருந்தா மறைச்சிருப்பேன். இது அடி வரைக்கும் தெரியுதே! அதான் ஒரே மடக்கு..."

இருமினார்.

இன்ஸ்பெக்டர் மருமகளைப் பார்த்தார். "முன்னாடியே தெரியுமா?"

"டப்பா திறக்கிற சத்தம் கேட்டு, தடுக்கத்தான் வந்தேன் சார். அதுக்குள்ள... வாய் வெந்து கிடக்கிறவரைத் திருடன்னு எப்படிச் சொல்றது? அதுவும் அவர் பொண்ணு முன்னாடி?"

நாத்தனார் குனிந்தாள். மருமகளின் காலிலிருந்து செருப்பைத் தன் கையாலேயே கழற்றினாள்.

"ஐயோ அண்ணி, என்ன இது!"

"நீ எங்கேயும் போக வேண்டாம்மா. அப்பாவும் உன்கிட்டயே இருக்கட்டும்."

போனில் கணவன் தழுதழுத்தான். "என்னை மன்னிச்சுடு..."

அவனை நகர்த்திவிட்டுக் கரகரக் குரல் மறுபடி குறுக்கே வந்தது.

"அம்மாடி..."

"சொல்லுங்க மாமா."

"அடுத்த தடவை கிளாஸ் வாங்கப் போனா... உள்ளே இருக்கிறது வெளியே தெரியாததா பார்த்து வாங்கு!"