ஹாங்கர் இங்கே... கவுன் எங்கே?

"வீ...ல்!"

மாடியிலிருந்து வந்த அந்த அலறலில் லீசெல் சட்டென்று திரும்பினாள். மணமகளின் செருப்பைப் படமெடுத்துக்கொண்டிருந்தாள். படம் கலங்கிப் போனது.

"ஐயோ... கவுனைக் காணோம்! என் பொண்ணு கவுனைக் காணோம்!"

லீசெல் படிகளில் தாவி ஏறினாள்.

ஜன்னல் கம்பியில் ஹாங்கர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. சற்று முன்பு அவளே மாட்டிய ஹாங்கர்! அதில் தொங்கிய கவுன்... உடம்பை ஒட்டிய தையல், முதுகில் நீள ஜிப், கழுத்திலிருந்து கால்வரை வெள்ளிச் சம்கி...

இல்லை!

ஹாங்கருக்குக் கீழே மணமகளின் அம்மா மிலாக்ரோஸ் மூச்சு வாங்க நின்றாள். வீட்டில் எல்லோரும் சர்ச்சுக்குத் தயாராகி நிற்க, அவள் மட்டும் இன்னும் மஞ்சள் பூப்போட்ட நைட்டியில்.

"கடைசியா இந்த ரூமுக்கு வந்தது யாரு?" என்று கேட்டபடி உள்ளே வந்தார் மிலாக்ரோஸின் தம்பி தேபான். இலோய்லோ நகரத்தின் போக்குவரத்துப் போலீஸ். சட்டைப் பையில் விசில் எட்டிப் பார்த்தது.

மிலாக்ரோஸின் விரல் நீண்டது.

"இவதான்! இந்த போட்டோக்காரிதான்! கதவை வேற சாத்திக்கிட்டா!"

"மானாங், படம் எடுக்கத்தான் சாத்தினேன்" என்றாள் லீசெல், அக்கா முறை வைத்து. "வெளியில சுவர் பச்சை பெயிண்ட். கதவு திறந்திருந்தா வெளிச்சம் அந்தப் பச்சையில பட்டு, வெள்ளைக் கவுன் மேல விழும். படத்துல கவுன் பாசி பிடிச்ச மாதிரி இருக்கும்."

"காரணம் பலமா இருக்கே... திருடங்க எல்லாம் இப்படித்தான் பேசுவாங்க" என்றார் தேபான்.

"நீங்க எத்தனை திருடங்களைப் பார்த்திருக்கீங்க?"

"சிக்னல்ல நிறைய பேரு நிப்பான்!"



லீசெல் தனியாக எடுக்கும் முதல் கல்யாணம் இது. முதலாளி போயட் நேற்றுச் சாப்பிட்ட சிப்பிகள் இன்று அவர் வயிற்றில் கலவரம் செய்தன. காலையில் போனில், சின்னப் பெண்களைக் கூப்பிடும் 'இண்டாய்' சேர்த்து, முனகியிருந்தார். 'நீயே போ, இண்டாய். நல்லா எடுத்தா இனிமே உனக்குன்னு தனியா கல்யாண ஆர்டர் தரேன். சொதப்பினா... ஆயுசு பூரா என் ஃப்ளாஷ் குடையைத்தான் பிடிச்சுக்கிட்டு நிப்பே!'

திருட்டுப் பட்டம் வாங்கினால் குடைகூட மிஞ்சாது.

சத்தம் கேட்டு வந்த மணமகள் ரோவேனா கட்டிலில் தலை நிறைய பூவும், மேலே துண்டுமாக உட்கார்ந்திருந்தாள். "அம்மா, மூணு மணிக்கு நான் சர்ச்சுல நிக்கணும். நாலு மணிக்கு அங்க வேற கல்யாணம். ஃபாதர் காத்திருக்க மாட்டாரு!"

"உன் தங்கச்சியா இருக்குமோ?" என்று தேபான் திரும்பினார். "அக்கா கல்யாணம் பண்ணின வருஷம் தங்கச்சி பண்ணக்கூடாது. இவ கல்யாணத்தை அடுத்த வருஷத்துக்குத் தள்ளியாச்சு. கோவம்!"

"மாமா!" தங்கை சரீஸ் சீறினாள். "கோவம்னா நான் மாப்பிள்ளையைத் திருடியிருப்பேன். கவுனை வச்சு நான் என்ன பண்றது?"

"யாரும் போட்டுப் பார்த்துடக் கூடாதுன்னு எப்படிக் காவல் காத்தேன்!" மிலாக்ரோஸ் மார்பில் அடித்துக்கொண்டாள். சத்தம் என்னவோ தகர டப்பாவைத் தட்டியது போல வந்தது. "கல்யாணத்துக்கு முன்னாடி கவுனைப் போட்டுப் பார்த்தா கல்யாணமே நின்னுடும்! அளவு பார்க்கக்கூட விடலையே நான்!"

தேபான் விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினார்.

"யாரும் நகரக்கூடாது! போட்டோக்காரி, சம்பவ இடத்தை ஒரு படம் எடு. சாட்சி வேணும். அக்கா, ஹாங்கர் பக்கத்துல நில்லு. அப்புறம் இவ பையைச் சோதனை போடறேன்."

"நான் எதுக்குடா?" மிலாக்ரோஸ் பின்வாங்கினாள்.

"புகார் குடுத்தவங்க படத்துல இருக்கணும். நில்லு!"

திரைச்சீலை மூடியிருந்ததால் அறை மங்கல். லீசெல் ஃப்ளாஷைப் போட்டாள்.

பளிச்!

தேபான் அவள் பையைக் கவிழ்த்தார். பாட்டரி, லென்ஸ், பாதி கடித்த பிஸ்கட்...

லீசெல் கேமராவின் திரையைப் பார்த்தாள்.



படத்தைப் பெரிதாக்கினாள். இன்னும்... இன்னும்...

மஞ்சள் நைட்டிக்குள் நட்சத்திரங்கள்!

கண்ணுக்குத் தெரியாதது கேமராவுக்குத் தெரிந்தது எப்படி? விஷயம் எளிது. மெல்லிய பருத்தித் துணி ஒரு சல்லடை. அறை வெளிச்சத்தில் துணி மட்டும்தான் தெரியும். ஃப்ளாஷோ லென்ஸுக்குப் பக்கத்திலிருந்து நேராகப் பாயும். சல்லடைக்குள் புகுந்து, உள்ளே பளபளப்பாக ஏதாவது இருந்தால், அதில் மோதி வந்த வழியே திரும்பி லென்ஸில் விழும். இருட்டில் டார்ச் அடித்தால் பூனையின் கண் மின்னுமே, அதே கணக்கு.

காணாமல் போன கவுன், புகார் கொடுத்தவளின் உடம்பில்!

"பீரோ பின்னாடியும் இல்ல, பையிலயும் இல்ல. எங்கே ஒளிச்சு வச்சிருக்கே?" தேபான் நெருங்கினார்.

லீசெல் வாயைத் திறந்தாள். மிலாக்ரோஸின் கண்களைப் பார்த்தாள். அவை கெஞ்சின.



"சார், இன்னும் ஒரு படம் வேணும். மானாங் மட்டும், தனியா. எல்லாரும் வெளியில போங்க. உங்க சட்டைக் கலர் எல்லாம் சுவர்ல அடிக்குது."

"என் சட்டையா?"

"பாசிக் கலர், சார்."

தேபான் தன் சட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டே வெளியேறினார். மற்றவர்களும் போனார்கள். கதவு மூடியது.

லீசெல் திரையைத் திருப்பிக் காட்டினாள்.

மிலாக்ரோஸ் கட்டிலில் சரிந்தாள். நைட்டிக்குள்ளிருந்து சம்கி சரசரத்தது.

"ரெண்டே நிமிஷம்தான் இண்டாய்... போட்டுப் பார்த்துட்டுக் கழட்டிடலாம்னு... ஜிப் மாட்டிக்கிச்சு! சரீஸ் கதவைத் தட்டினா. அடியைச் சுருட்டி இடுப்புல சொருகி, மேல நைட்டியை மாட்டி..."

"கத்திட்டீங்க."

"வேற என்ன பண்றது?"

"என்னைத் திருடின்னு சொல்லாம இருந்திருக்கலாம்!"

மிலாக்ரோஸ் தலை குனிந்தாள். "நானும் ரோவேனா அப்பாவும் ஓடிப்போய்க் கட்டிக்கிட்டோம். அன்னிக்கு நான் போட்டிருந்தது அவரோட சட்டை. கவுன்னு ஒண்ணை நான் தொட்டதே இல்ல. இதை வெளியில சொல்லிடாதே!"

"நான் சொல்லல. ஆனா நான் திருடலைன்னு நீங்க சொல்லணும். எல்லார் முன்னாடியும்!"

"சத்தியமா!"

"நைட்டியைக் கழட்டுங்க. திரும்புங்க."

லீசெல் ஜிப்பை ஆராய்ந்தாள். "உள்துணியைக் கடிச்சுக்கிட்டிருக்கு. பலமா இழுத்தா இன்னும் கடிக்கும். துணியைப் பக்கவாட்டுல இழுக்கணும், பல்லுல மெழுகு தடவணும். அப்பதான் வாயைத் திறக்கும்."

மாதா சிலைக்கு முன்னால் இருந்த மெழுகுவர்த்தியை எடுத்தாள். ஜிப் பல்லில் வைத்துத் தேய்க்கப் போனவள் நின்றாள்.

அங்கே ஏற்கெனவே மெழுகு இருந்தது!

'இது எப்படி...?'

யோசிக்க நேரமில்லை. தேய்த்தாள். ஒரு இழுப்பு... இன்னொரு இழுப்பு... 'சர்ர்ர்'!

"இண்டாய்..." மிலாக்ரோஸ் கவுனைத் தோளில் பிடித்துக்கொண்டாள். "கழட்டறதுக்கு முன்னாடி... ஒரே ஒரு படம்?"

வெளியே தேபானின் விசில் அலறியது.

லீசெல் திரைச்சீலையை விலக்கினாள். ஜன்னல் வெளிச்சம் சம்கியில் கொட்டியது.

"தாடையைக் கொஞ்சம் தூக்குங்க, மானாங்."

க்ளிக்!

கதவு திறந்தபோது கவுன் ஹாங்கரில் இருந்தது. மிலாக்ரோஸ் நைட்டியில் இருந்தாள், ஒரு சுற்று இளைத்து.

"கிடைச்சிடுச்சு! பீரோ பின்னாடி விழுந்து கிடந்துச்சு. இந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. அநியாயமா பேசிட்டேன், மன்னிச்சிடு இண்டாய். கண்டுபிடிச்சுக் குடுத்ததே இவதான்!"

"பீரோ பின்னாடி நான் தேடினேனே!" என்றார் தேபான்.

"உன் கண்ணுக்கு லாரியே தெரியாது. கவுனா தெரியும்?"

ரோவேனா கவுனுக்குள் நுழைந்தாள். லீசெல் ஜிப்பை ஏற்ற, சரீஸ் துணியைப் பிடித்துக்கொண்டாள்.

"இடுப்புக்கிட்ட மெதுவா" என்றாள் ரோவேனா. "அங்கதான் கடிக்கும்."

லீசெல்லின் கை நின்றது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ரோவேனா சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் பார்வை மாதாவின் மெழுகுவர்த்திக்குப் போய்த் திரும்பியது. மிலாக்ரோஸ் ஏதோ கேட்க வாயெடுத்து, இருமலாக மாற்றிக்கொண்டாள்.

"மூச்சை உள்ள இழுத்துக்கோக்கா" என்றாள் சரீஸ், பழக்கதோஷத்தில். "அப்ப கடிக்காது."

அம்மாவும் மகள்களும் மூன்று பக்கம் பார்த்தார்கள்.

மூன்று மணிக்கு மணி அடித்தது. கல்யாணம் நிற்கவில்லை!

சர்ச் வாசலில் மேலே விழுந்த அரிசியைத் தட்டிக்கொண்டிருந்த லீசெல்லின் போன் அலறியது. போயட்.

"எப்படிம்மா போச்சு? வீட்டுல ஏதோ பிரச்சனைன்னாங்களே... கவுனை யாரும் முன்னாடியே போட்டுப் பார்த்துடலையே? அவங்க அதுல ரொம்பக் கண்டிப்பு!"

"மாப்பிள்ளை ஜுன்ஜுன் மட்டும் போட்டுப் பார்க்கல, பாஸ்!"

மணமகளைக் கைத்தாங்கலாகப் படியிறக்கிக்கொண்டிருந்த ஜுன்ஜுனை லீசெல் பார்த்தாள். அவன் கவுனின் முதுகுப் பக்கம் குனிந்து, "இடுப்புக்கிட்ட கடிக்குதா?" என்று அக்கறையாகக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"பாஸ்... அதையும் உறுதியா சொல்ல முடியாது போலிருக்கே!"