சீல் வைத்த அறையில் சல்லடைச் சத்தம்

அரக்கு முத்திரை அப்படியே இருந்தது. பூட்டும் அப்படியே. உள்ளே மட்டும் சல்லடை மெஷின் சரக் சரக்கென்று ஓடிக்கொண்டிருந்தது.

1979, ஐப்பசி. மாலை ஆறு மணி. போடியில் அந்தத் தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. பொன்னுமணி மட்டும் பூட்டிய அறை வாசலில் ஒரு தட்டுச் சோற்றை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் தவசி, இருந்தவரைக்கும், விளக்கு வைக்கும் இந்த நேரத்தில்தான் மெஷினைப் போடுவான். மலையிலிருந்து வரும் ஏலக்காயைச் சலித்துக் காம்பு, தூசி நீக்கித் தருவதுதான் அவர்கள் பிழைப்பு. போன வருஷம் அந்த மெஷினடியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான், எழவில்லை.

வீட்டுக்குள் மோட்டார் ஓட்ட நகராட்சி லைசென்ஸ் வேண்டும். தவசி பேரில் இருந்தது அவனோடு போயிற்று; அது இல்லாமலே பொன்னுமணி ஓட்டிவந்தாள். பக்கத்து வீட்டுத் துணிக்கடை வேலுச்சாமி, சத்தம் தாங்கவில்லை என்று மனுக் கொடுக்க, ஆடியில் அறைக்குச் சீல் விழுந்தது. அப்புறமும் சத்தம் நிற்கவில்லை என்று இன்னொரு மனு. மெஷினையே தூக்கிப்போக இன்றைக்கு வந்து நின்றார் சானிட்டரி இன்ஸ்பெக்டர் ராஜாராம்.

ராமநாதபுரத்திலிருந்து மாற்றலாகி வந்து ஒரு வாரம்தான். ஏலக்காய் மண்டிப் பக்கம் போனாலே அடுக்கடுக்காகத் தும்முவார். ஊரே அவரைப் பார்த்துச் சிரித்தது.

“சீலை உடைக்காம எப்படிம்மா ஓட்டுறீங்க?”

“நான் ஓட்டல சார். அவுக வந்து ஓட்டுறாக.”

அவர் சிரிக்கவில்லை. முத்திரையை உடைத்தார். பூட்டு கடகடத்ததும் சத்தம் சட்டென்று நின்றது. பொன்னுமணி கையெடுத்துக் கும்பிட்டாள்.

உள்ளே மோட்டார் சில்லிட்டுக் கிடந்தது. பெல்ட்டுக்குக் குறுக்கே சிலந்தி வலை, ஒரு இழைகூட அறாமல். ஃபியூஸ் கட்டையைச் சீல் வைத்த அன்றே நகராட்சிக்காரர்கள் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ராஜாராம் அறை முழுக்க நடந்தார், பக்கத்து வீட்டோடு சேர்ந்த பொதுச் சுவரைத் தொட்டுப் பார்த்தார். அவருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை.

வேலுச்சாமி மடிப்புக் கலையாத சட்டையோடு, துண்டால் தலையைத் தட்டிக்கொண்டே உள்ளே வந்தார்.

“பாத்தீங்களா சார்? தவசி அடங்கல. தங்கச்சி, பேசாம வீட்ட எனக்கு எழுதிக் குடுத்துட்டு ஒம் பொறந்த ஊருக்குப் போயிரு.”

ராஜாராம் தும்மினார். மறுபடி தும்மினார். கண்ணில் நீர் கொட்டியது.

“நீங்க ஏலக்காய் வியாபாரமும் பண்றீங்களா?”

“எனக்கெதுக்கு சார் அந்தச் சோலி? நான் துணிக்கடைக்காரன். ஏலக்காய் எங்க வீட்டுப் படியே ஏறுனதில்ல.”

“அப்போ உங்க தலையில இருக்கிற தூசி எங்க ஏறுச்சு?”

வேலுச்சாமியின் கை துண்டோடு நின்றுவிட்டது.

“மூணு மாசமாப் பூட்டின அறையில எனக்குத் தும்மல் இல்ல. நீங்க வந்ததும் வருது. சட்டைய மாத்திட்டீங்க, வாசனைய மறந்துட்டீங்க. பொறந்ததுலேருந்து அதுலயே கிடக்கிற மூக்கு, உங்களுக்கு எப்படித் தெரியும்? அந்தச் சுவர் இன்னும் வெதுவெதுன்னு இருக்கு. பின்கட்டக் காட்டுங்க.”

பொதுச் சுவரை ஒட்டி வேலுச்சாமி வீட்டுப் பின்கட்டில், லைசென்ஸ் இல்லாத புதுச் சல்லடை மெஷின் சூடாக நின்றது. பொன்னுமணியிடம் வந்துகொண்டிருந்த லோடெல்லாம் அங்கே மூட்டையாகக் கிடந்தது. தவசி மெஷின் போடும் அதே நேரமாகப் பார்த்து ஓட்டினால் பேய்க்குப் பயந்து எவனும் எட்டிப் பார்க்கமாட்டான் என்று கணக்குப் போட்டிருக்கிறார் மனுஷன். சீல் அந்தப் பக்கம் மாறியது.

“உங்க பேருக்கு லைசென்ஸ் எழுதி வாங்கித் தர்றேம்மா. பகல்ல மட்டும் ஓட்டுங்க” என்றார் ராஜாராம்.

பொன்னுமணி அவரைப் பார்க்கவில்லை. வேலுச்சாமியைத்தான் பார்த்தாள்.

“எம் பொழப்பக் கெடுத்தீங்க, அண்ணே, அதுகூடப் போகட்டும். அவுக வர்றாகன்னுல்ல நான் இருந்தேன்!”



லைசென்ஸும் ஃபியூஸ் கட்டையும் கைக்கு வந்த அன்று பகலில் அவள் மெஷின் ஓடியது. விளக்கு வைத்ததும் கை தானாகச் சோற்றைத் தட்டில் போட்டது. காது கொடுத்துக் கேட்டாள். ஒரு சத்தமும் இல்லை. தவசி செத்து ஒரு வருஷத்துக்கு அப்புறம், அன்றைக்குத்தான் அவள் வாய்விட்டு அழுதாள்.